முட்டைப் பண்ணைக்காரர் மகளும் எவூட் பார்க்கும்

2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பின் மைதானமான எவூட் பார்க்கில் அப்படி ஒரு மழை. இப்ஸ்விச்சுக்கு எதிராக நாங்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். அவர்கள் பக்கம் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்தார். இன்னும் பத்து நிமிடம் ஓட்டினால் மூன்று புள்ளி. ஆனால் அடித்த பந்து உருளவே இல்லை. வயல் சேற்றில் விழுந்த தேங்காய் மாதிரி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. நடுவர் வீரர்களை உள்ளே அனுப்பினார். தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார்கள், நடுவர் பந்தைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் ஆட்டத்தையே கைவிட்டார். மறுபடி முதல் நிமிடத்திலிருந்து ஆட வேண்டும் என்று லீக் பிறகு சொல்லிவிட்டது. கோலும் போயிற்று, சிவப்பு அட்டையும் போயிற்று.

அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் வரிசையில் பழைய வழக்கு மறுபடி தொடங்கியது. கிளப்பை விற்க வேண்டுமா, வேண்டாமா?

நாங்கள் உட்காருவது ரிவர்சைடு ஸ்டாண்டில். மைதானத்திலேயே பழையது, கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையை மறைக்கும், பின்னால் டார்வென் ஆறு ஓடுகிறது. என் இடப்பக்க இருக்கை ஒரு பெரியவருடையது. டார்வென் ஊரில் சுவர்க்காகிதம் செய்யும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இந்த ஊர் வழக்கப்படி என்னை 'லவ்' என்று கூப்பிடுவார். பஸ் ஓட்டுநரிலிருந்து ரொட்டிக் கடைக்காரர் வரை எல்லாரும் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள், முதல் மாதத்தில் மட்டும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள், கணக்காளர். பின் வரிசையில் ஒரு டாக்சி ஓட்டுநர். பூர்விகம் குஜராத்தின் பரூச் பக்கம், பிறந்து வளர்ந்தது பிளாக்பர்னில்.

"விற்றுத் தொலைக்கட்டும், லவ். பதினைந்து வருடம் ஆகிவிட்டது. உன் ஊர்க்காரர்களிடம் நீயாவது சொல்லக்கூடாதா?" என்றார் பெரியவர், நான் கொடுத்த முட்டையை உரித்துக்கொண்டே.

உன் ஊர்க்காரர்கள் என்று அவர் சொன்னது விளையாட்டுக்குத்தான். இருந்தாலும் அதில் அவருக்கே தெரியாத உண்மை ஒன்று இருந்தது.

என் அப்பா நாமக்கல்லில் மோகனூர் சாலையை ஒட்டி முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். இரண்டு கொட்டகை, பன்னிரண்டாயிரம் கோழி. எங்கள் ஊர்க் கணக்கில் அது சின்னப் பண்ணை. குஞ்சுகள் அட்டைப் பெட்டிகளில் வரும், ஒருநாள் வயதுக் குஞ்சுகள். இரவில் வண்டி வந்து நின்றால் வீடே எழுந்து ஓடும். அந்த இனத்துக்குப் பெயர் பி.வி. 300. அந்த 'பி.வி.' என்பது டாக்டர் பி.வி. ராவைக் குறிப்பது என்று நான் தெரிந்துகொண்டது வெகு நாள் கழித்துத்தான். 1971-ல் வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். முட்டை விலையை வியாபாரி சொன்னால் பண்ணைக்காரர் தலையாட்ட வேண்டும் என்றிருந்த காலத்தில், 1982-ல் பண்ணையாளர்களைச் சேர்த்துத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கியவரும் அவரே. 'நம் முட்டைக்கு நாமே விலை' என்பதை அப்பா சாமி வாக்கு மாதிரி சொல்லுவார். செய்தித்தாளில் நாமக்கல் மண்டல முட்டைக் கொள்முதல் விலையைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும்.

புனேயில் இருக்கும் 'வெங்கிஸ்' நிறுவனத்தை நடத்தும் அந்த ராவின் குடும்பம்தான் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. விலை 2 கோடியே 30 லட்சம் பவுண்டு, அதற்கு மேல் கிளப்பின் கடன். இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கின் கிளப் ஒன்றுக்கு இந்தியர்கள் உரிமையாளர்களானது அதுவே முதல் முறை. நான் இந்த ஊர் மருத்துவமனையில் செவிலியாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்னவென்றுகூடத் தெரியாது. வார்டில் ஒரே பரபரப்பு. 'வெங்கிஸ் என்றால் யார்? உனக்குத் தெரியுமா?' என்று கேட்டார்கள். தெரியுமாவா! எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருந்த அத்தனை கோழியும் அவர்கள் பொரித்த குஞ்சுகள்தானே என்றேன். ஒரு வாரம் எனக்கு அந்த வார்டில் அமைச்சருக்குரிய மரியாதை. அடுத்து யாரை வாங்கப் போகிறார்கள், ரொனால்டினோ உண்மையாகவே வருகிறாரா என்றெல்லாம் என்னிடம் விசாரித்தார்கள். ரொனால்டினோவைக் கொண்டுவரும் பேச்சு அந்தக் குளிர்காலத்தில் உண்மையாகவே அடிபட்டது. அவர் பிரேசிலுக்குப் போய் ஃபிளமெங்கோவில் சேர்ந்துவிட்டார்.

அந்த மரியாதையில்தான் முதல் டிக்கெட் வாங்கினேன். வாங்கிய நேரம் சரியில்லை என்று சொல்லலாம்.

கிளப்பை வாங்கி ஒரு மாதம் முடியுமுன் மேலாளர் சாம் அலார்டைஸை நீக்கினார்கள். பிரீமியர் லீக்கில் அணி நடுவில் பத்திரமாக இருந்தபோது இது நடந்தது. முதல் அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீன் மேலாளரானார். வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடும் விளம்பரம் ஒன்று வந்தது. ஊர் அதை இன்றுவரை மறக்கவில்லை. 2012 மே 7, திங்கட்கிழமை இரவு, விகனிடம் சொந்த மண்ணில் தோற்றுப் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கினோம். அன்றும் மழைதான். ரோவர்ஸ் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை யாரோ ஆடுகளத்தில் விட்டார்கள். சுற்றிலும் சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். எனக்கோ இந்தக் குளிரில் நனைந்த கோழி விடியும்வரை தாங்காதே, யாராவது தூக்கிக்கொண்டு போவார்களா என்பதே கவலை. பண்ணையில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மெதுவாகச் சொல்ல மனம் வராது. அடுத்த பருவத்தில் ஹென்னிங் பெர்க் 57 நாள் மேலாளர், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள் மேலாளர். 2017-ல் மூன்றாம் பிரிவுக்கே இறங்கினோம். பிரீமியர் லீக்கை வென்ற கிளப்களில் அந்த ஆழம் போன முதல் கிளப் நாங்கள்தான். டோனி மௌப்ரே ஒரே வருடத்தில் மேலே கொண்டுவந்தார். அன்றிலிருந்து இரண்டாம் பிரிவில் மிதக்கிறோம்.

"ஜாக் வாக்கர் இருந்திருந்தால்..." என்று பெரியவர் தொடங்கினார். எங்கள் வரிசையில் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் முட்டும். பிளாக்பர்னிலேயே பிறந்து, அப்பாவின் தகரப் பட்டறையை வாக்கர்ஸ்டீல் என்ற பெரிய உருக்கு வணிகமாக வளர்த்து, அதைப் பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு விற்ற பணத்தில் 1991-ல் கிளப்பைக் கையில் எடுத்தவர். கென்னி டால்கிளிஷை மேலாளராகக் கூட்டிவந்தார், ஆலன் ஷியரரை வாங்கினார், மைதானத்தின் மூன்று பக்கத்தையும் இடித்துக் கட்டினார். 1995 மே 14: லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் ஆட்டத்தைத் தோற்று, அங்கே வெஸ்ட் ஹாமில் மான்செஸ்டர் யுனைடெட் சமன் செய்ததால் பிரீமியர் லீக் கோப்பையை வென்ற நாள். பெரியவர் அன்று ஆன்ஃபீல்டில் இருந்தார். அந்தக் கதையை நான் குறைந்தது நாற்பது முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ரேடியோ வைத்திருந்த ஆள் ஒரு வரிசை முன்னே நகர்ந்துகொண்டே வருகிறார்.

"அவரும் வரிக்காக ஜெர்சி தீவில் குடியிருந்தவர்தானே அப்பா?" என்றார் மகள். "2000-ல் அவர் போன பிறகு கிளப்பை வைத்திருந்தது அவருடைய அறக்கட்டளை. வெங்கிஸுக்கு விற்றது யார்? அந்த அறக்கட்டளைதானே?"

பெரியவர் மழையைப் பார்த்தார்.

மகளின் வாதம் இது. இந்தக் குடும்பம் இதுவரை இருபது கோடி பவுண்டுக்கு மேல் போட்டிருக்கிறது. இரண்டாம் பிரிவில் வரவைக் கொண்டு சம்பளத்தைக் கொடுக்கவே முடியாது. துண்டு விழுவதை ஒவ்வொரு வருடமும் யாராவது தன் பையிலிருந்து நிரப்ப வேண்டும். யுனைடெட்டைப் பாருங்கள், 2005-ல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. பர்ன்லியை (பக்கத்து ஊர்ப் பரம எதிரி, எங்கள் வரிசையில் இந்தப் பெயரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும்) 2020-ல் அமெரிக்கர்கள் வாங்கியதும் அதே வழியில்தான். இவர்கள் வாங்கியது தங்கள் பணத்தில், நடத்துவதும் தங்கள் பணத்தில். வருகிறவர் அப்படிச் செய்வாரா?

பின் வரிசையிலிருந்து டாக்சிக்காரர் குனிந்தார். "போட்ட பணத்தைப் பற்றி மட்டும் பேசினால் எப்படி? ஆடம் வார்ட்டன் இந்த ஊர்ப் பையன், சிறு வயதிலிருந்து இங்கேயே வளர்ந்தவன். விற்றார்கள். ஸ்மோடிக்ஸ் 27 கோல் அடித்தார், லெஸ்டரில் கடைசி நாள் இரண்டு கோல் அடித்து எங்களைக் காப்பாற்றினார், அந்தக் கோடையிலேயே விற்றார்கள். அந்தப் பணத்துக்கு யார் வந்தார்கள்? இந்த வருடம் பெப்ரவரியில் பிரீமியர் லீக்குக்கு ஏற வாய்ப்புள்ள பிளே-ஆஃப் இடத்தில் இருந்த அணியை விட்டுவிட்டு, கீழிறங்கும் பயத்தில் இருந்த டெர்பிக்கு மேலாளர் போகிறார் என்றால் இங்கே என்ன நடக்கிறது என்று அர்த்தம்? பெண்கள் அணியை லீக்கிலிருந்தே விலக்கிக்கொண்டார்கள். என் மகள் அந்த அணியின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள்."

பிறகு சற்றுத் தணிந்து சொன்னார்: "தோற்கிற இரவுகளில் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு என் முகத்தைப் பார்த்ததும் முதலாளிகள் ஞாபகம் வந்துவிடுகிறது. 'உங்கள் ஆட்கள் செய்வதைப் பார்த்தாயா' என்கிறார்கள். நான் புனே பக்கம் போனதே இல்லை. என் தாத்தா வந்தது இங்கே பஞ்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்க."

எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே கேட்பார். நல்ல மனதோடு கேட்பவர்கள்தான் அதிகம். ஆனாலும் ஒரு குடும்பத்தின் கணக்கை ஒரு தேசத்தின் பேரேட்டில் எழுதுகிறார்கள் என்ற உறுத்தல் போகாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2023-ல் இந்தியாவிலிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும் நிலை வந்தது. வழக்கு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. லங்காஷயர்க் கிழவர்கள் ஆட்ட அட்டவணையோடு டெல்லி நீதிமன்றத் தேதியையும் மனப்பாடம் செய்தார்கள். இதற்கு எங்கள் மொழியில் 'வாய்தா' என்று பெயர் என்று சொல்லிக்கொடுத்தேன். பெரியவர் அதை அழகாகச் சொல்லுவார். இப்போது பஸ் தாமதமானாலும் வாய்தாதான்.

சரி, நான் எந்தப் பக்கம்?

விற்கச் சொல்வது சுலபம். இங்கிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது பெரி. 1885-ல் தொடங்கிய கிளப், 125 வருடம் லீக்கில் இருந்தது. 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றினார்கள். அந்த வாரம் எங்கள் வார்டில் ஒரு பெரி ரசிகர் இருந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். வலி எத்தனை என்று பத்துக்குக் கணக்குக் கேட்டால், 'எதைக் கேட்கிறாய்?' என்றார். ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் 2025 அக்டோபர் 24-ல் திவால் நிர்வாகத்துக்குள் போய் 12 புள்ளியை இழந்தது. 'யார் வந்தாலும் பரவாயில்லை' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு அந்தப் பெரி ரசிகரின் முகம் வருகிறது. இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது, கிளப் வாங்க வருபவரின் தகுதியையும் பணம் வந்த வழியையும் ஆராய ஒரு சுயேச்சை அமைப்பு அமைத்திருக்கிறார்கள். நல்லதுதான். அந்த அமைப்பு பணத்தின் மூலத்தைப் பார்க்கும். மழையில் வந்து உட்காருவாரா என்று யார் பார்ப்பது?

ஏனென்றால் என் மனக்குறை அங்கேதான் இருக்கிறது. உரிமையாளர் குடும்பம் எவூட் பார்க்குக்கு ஆட்டம் பார்க்க வந்து பல வருடம் ஆகிறது. தொடக்கத்தில் வசை வாங்கினார்கள், சில சமயம் அளவுக்கு மீறியும் வாங்கினார்கள். அதற்குப் பிறகு நின்றுவிட்டது. பணம் வருகிறது, ஆள் வருவதில்லை. ஏன் இந்தக் கிளப்பை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு இந்த ஊர் நேரில் பதில் கேட்டதே இல்லை.

அன்று இரவு ஈரச் சட்டையை மாற்றிவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன். அங்கே விடியற்காலை, நான்கு மணிக்கே எழும் பழக்கம் பண்ணை போன பிறகும் போகவில்லை. கிளப் வழக்கு அவருக்கு அத்துப்படி, அவர் குஞ்சு வாங்கிய வீட்டுக் கதை ஆயிற்றே.

"கொட்டகைக்குள் காலையில் ஒருதரம் நடக்க வேண்டும் அம்மிணி" என்றார். "தீவனம், தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் ஆள் பார்த்துக்கொள்வான். ஆனால் கோழி கத்துகிற சத்தம் மாறியிருக்கிறதா என்று முதலாளி காதுக்குத்தான் கேட்கும். நடக்க முடியாதவன் வைத்திருக்கக் கூடாது. ராவ் ஐயா ஊர் ஊராக வந்து எங்களோடு உட்கார்ந்து பேசியவர் என்று சொல்லுவார்கள். அவர் பிள்ளைகளுக்கு இது தெரியாமலா இருக்கும்?"

"அப்படியானால் விற்கலாம் என்கிறீர்களா அப்பா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பண்ணையை அவரும் விற்றவர்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறின, சின்னப் பண்ணைகளை எல்லாம் பெரிய பண்ணைகள் வாங்கிக்கொண்டிருந்த காலம். கிரயம் முடிந்த அன்று வேலைக்கிருந்த ஆறு பேரும் கொட்டகை வாசலில் நின்றார்கள். விலை என்ன, பாக்கி எப்போது என்று யாரும் கேட்கவில்லை. "புது முதலாளி எப்படிங்க?" என்று மட்டும் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியவில்லை கண்ணு. பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் அவரைப் பார்த்தேன். நல்லவர்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்" என்றார். இதை இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்னதில்லை.

நாமக்கல்லில் முட்டை விலை ஐந்து காசு ஏறியிருக்கிறது என்றார் அடுத்ததாக. போனை வைத்தோம்.

இதை எழுதுகிற 2025 இலையுதிர்காலத்தில் இப்ஸ்விச்சோடு மறு ஆட்டம் இன்னும் பாக்கி. வார நாள் இரவு ஆட்டமாகத்தான் இருக்கும், குளிர் எலும்பைத் தொடும், பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். பெரியவர் தன் பழைய டிக்கெட்டே செல்லுமா என்று மூன்று முறை விசாரித்துவிட்டார். உரிமையாளர்களை எதிர்த்து இனி வரமாட்டேன் என்று இதற்கிடையில் அறிவித்தவர் அவர். மகள் அதை நினைவூட்டினார். "இது மறுபடி ஆடுகிற ஆட்டம், இதற்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று" என்கிறார். டாக்சிக்காரர் அன்று இரவு வண்டி ஓட்டப் போவதில்லையாம்.

நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று எட்டு முட்டை வேகவைக்க வேண்டும். மிளகு தீர்ந்துபோயிற்று.